உடையறதுக்கு ஒண்ணு வேணுமுங்க!

வீடு கட்டுகிறவன், பெண்ணுக்கு வரன் பார்க்கிறவன், பழைய ஜீப் வாங்கினவன் - இந்த மூன்று பேருக்கும் நம் ஊரில் இலவச ஆலோசனைக்குப் பஞ்சமே கிடையாது. முதல் இரண்டு பேருக்காவது ஒரு நாள் காரியம் முடிந்துவிடும். ஊரைக் கூட்டிச் சாப்பாடு போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். ஜீப்காரனுக்கு மட்டும் முடிவே இல்லை. டயரை மாத்து, ஸ்பிரிங்கைத் தூக்கு, வின்ச் மாட்டு என்று ஆரம்பிப்பார்கள். கடைசியில் குரலைத் தாழ்த்தி, குடும்ப ரகசியம் விசாரிப்பது போல ஒரு கேள்வி வரும்.

"ஆக்சில்... இன்னும் கம்பெனி ஆக்சில்தானா?"

அந்த 'கம்பெனி' என்ற சொல்லில் உதடு ஒரு பக்கமாகச் சுழிக்கும் பாருங்கள்... 'ரேஷன் அரிசிதானா?' என்று கேட்கிற மாதிரியே இருக்கும்!

நான் கோயமுத்தூரில் ஓர் ஆபீஸில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஜீப்காரன். என்னுடையது 80-களின் கடைசியில் பிறந்த டீசல் ஜீப். முன்னும் பின்னும் முழு ஆக்சில், பட்டை ஸ்பிரிங். இதுவரை எதுவும் உடையவில்லை. ஆனால், கூட வருகிற நண்பர்கள் இரண்டு பேர் 33 அங்குல டயர், லாக்கர், பெரிய ஆக்சில் என்று மாறிவிட்டு, "அடுத்தது நீதான்" என்று என்னைப் பார்க்க ஆரம்பித்தார்கள். விசாரித்தேன். ஆக்சில், பிரேக், மாட்டுக்கூலி எல்லாம் சேர்த்து ஒன்றே முக்கால் லட்சம் என்று எஸ்டிமேட் வந்தது.

போனஸையும் பி.எஃப். லோனையும் கூட்டினால் அந்தத் தொகை வரும். அதே தொகைக்கு வீட்டில் ஏற்கெனவே இரண்டு விண்ணப்பங்கள் நிலுவையில் இருந்தன. ஒன்று, மகளின் பள்ளிக் கட்டணம். இன்னொன்று, மழை பெய்தால் ஹாலில் மூன்று பாத்திரம் வைக்க வைக்கிற மொட்டை மாடி. ஆகவே, 'ஆசையா இருக்கு' என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு பட்ஜெட்டை நிறைவேற்ற முடியாது. காரணம் வேண்டும். ஆறு மாதம் விசாரித்தேன். தெரிந்ததை அப்படியே தருகிறேன். ஜீப் இல்லாதவர்களும் படிக்கலாம். உங்களுக்கு அந்தச் செலவு மிச்சம்!

பூசணிக்காய் புராணம்

ஜீப்புக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். ஒரு சக்கரத்திலிருந்து இன்னொரு சக்கரத்துக்குக் கனமான இரும்புக் குழாய் ஒன்று போகும். வழியில் பூசணிக்காய் மாதிரி ஓர் உருண்டை. (அமெரிக்க ஜீப்காரர்களும் அதைப் 'பம்ப்கின்' என்றுதான் அழைக்கிறார்கள். நமக்கும் அவர்களுக்கும் பூசணிக்காயில் ஒற்றுமை!) அந்த உருண்டைக்குள் கிரவுனும் பினியனும் இருக்கின்றன. எஞ்சினிலிருந்து நீளவாக்கில் வருகிற சுழற்சியைச் சக்கரத்தின் பக்கம் திருப்பிவிடுவது அவற்றின் வேலை. அங்கிருந்து குழாய்க்குள்ளேயே இரண்டு பக்கமும் இரண்டு ராடுகள் சக்கரத்துக்குப் போகின்றன. உடைவது பெரும்பாலும் இந்த ராடு. சில சமயம் கிரவுன் பல்.

இந்த ஆக்சில்களுக்கு ஜாதகம் மாதிரி நம்பர் உண்டு. 1904-ல் கிளாரன்ஸ் ஸ்பைசர் என்ற அமெரிக்க இன்ஜினீயர் ஒரு கம்பெனி தொடங்கினார். அது 1946-ல், அப்போது அதை நடத்திவந்த சார்லஸ் டேனாவின் பெயரால் 'டேனா' ஆயிற்று. டேனா 30, டேனா 44, டேனா 60 என்று ஜீப்காரர்கள் மந்திரம் போல முணுமுணுப்பது இதைத்தான். பொதுவாக நம்பர் ஏற ஏற ஆக்சிலும் பெரிது. டேனா 30-ன் கிரவுன் சுமார் 7 அங்குலம், 44-ன் கிரவுன் எட்டரை, 60-ன் கிரவுன் ஒன்பதே முக்கால். ராடும் அதற்கேற்பத் தடிக்கும்.

ராடு விஷயத்தில் ஒரு கணக்கு ரொம்ப முக்கியம். ராடின் குறுக்களவு 10 சதவீதம் கூடினால், அது தாங்கும் முறுக்கு 33 சதவீதம் கூடுகிறது. கொஞ்சம் தடித்தாலே பலம் குபீரென்று ஏறும். நண்பர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. கேள்வி, அந்தப் பலம் எனக்குத் தேவையா என்பதுதான்.

எருமைக் கடா கணக்கு

'எஞ்சினுக்குப் பவர் அதிகம், அதனால ராடு உடையுது' என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கணக்குப் பார்த்தால் கதை வேறு.

பழைய வில்லிஸ் சி.ஜே. ஜீப்பை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் மகிந்திரா ஜீப் தொழிலை ஆரம்பித்ததே வில்லிஸ் ஜீப்பை வைத்துத்தான். அதன் எஞ்சின் தரும் முறுக்கு (தின்கிற முறுக்கு இல்லை) அதிகபட்சம் பதினாலரை. அதாவது, ஒரு மீட்டர் நீளமுள்ள ஸ்பானரின் நுனியில் பதினாலரை கிலோவைத் தொங்கவிட்டது போல. ஒரு சின்ன அரிசி மூட்டை!

இது முதல் கியரில் 2.8 மடங்காகிறது. லோ ரேஞ்ச் போட்டால் இன்னும் 2.46 மடங்கு. கிரவுன்-பினியனில் 5.38 மடங்கு. மூன்றையும் பெருக்குங்கள், 37 வருகிறது. பதினாலரையை 37-ஆல் பெருக்கினால் 536. அரிசி மூட்டை இருந்த இடத்தில் இப்போது கொழுத்த எருமைக் கடா ஒன்று தொங்குகிறது!

இந்த எருமை முழுசாக ராடில் ஏறுமா? ஏறாது. ஏறுவதற்கு டயர் சம்மதிக்க வேண்டும். எண்ணெய்க் கையோடு ஊறுகாய் பாட்டில் மூடியைத் திருகிப் பாருங்கள். கை வழுக்கும், மூடிக்கு ஒன்றும் ஆகாது. கையைத் துடைத்துவிட்டுத் திருகினால்தான் மூடி முனகும். ஜீப்பும் அப்படித்தான். சேற்றில் டயர் சும்மா சுற்றினால் ராடு ஹாயாக இருக்கும். காய்ந்த பாறையில் டயர் பிடித்துக்கொண்டால்தான் ராடுக்கு வேதனை. ராடின் தலையெழுத்தை எழுதுவது டயரின் பிடிமானம்.

எவ்வளவு வேதனை? ஆள், சாமான் எல்லாம் சேர்த்து ஜீப் 1,400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பின் ஆக்சிலில் பாதி, 700 கிலோ. ஒரு சக்கரத்தின் மேல் 350. காய்ந்த பாறையில் டயர் ஏறக்குறைய தன் மேல் உள்ள எடை அளவுக்குப் பிடிக்கும். 29 அங்குல டயரின் மையத்திலிருந்து தரை வரை 0.37 மீட்டர். 350-ஐ 0.37-ஆல் பெருக்கினால் சுமார் 130. சாதாரண டயரில் ஒரு ராடுக்கு வருவது இவ்வளவுதான்.

இப்போது 33 அங்குல டயர் மாட்டுவோம். மையத்திலிருந்து தரை வரை 0.42 மீட்டர். கணக்கு 147 ஆகிறது. 130 எங்கே, 147 எங்கே? வெறும் 17 கூடியிருக்கிறது! 'பெரிய டயர் போட்டால் ஆக்சில் பொட்டென்று போய்விடும்' என்று பயமுறுத்தியவர்களை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். சிரிப்பு அடுத்த கணக்கு வரைதான் தாங்கியது.

வில்லன் வருகிறான்

சாதாரண ஜீப்பில் இருக்கும் டிஃபரன்ஷியலுக்கு ஒரு குணம். இரண்டு பக்கத்து ராடுக்கும் ஒரே அளவு முறுக்கைத்தான் அனுப்பும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால், அதற்குத் தேவை கிட்டத்தட்ட பூஜ்யம். உடனே தரையில் இருக்கிற சக்கரத்துக்கும் பூஜ்யம்! அண்ணன் சாப்பிடவில்லை என்றால் தம்பிக்கும் சோறு கிடையாது என்கிற அம்மா மாதிரி. ஜீப் அங்கேயே நிற்கும். நமக்கு எரிச்சல், ராடுக்கு ஓய்வு.

லாக்கர் என்பது இந்த அம்மாவை வாயடைக்கிற சாதனம். இரண்டு ராடையும் ஒன்றாகப் பூட்டிவிடும். ஒரு சக்கரம் தொங்கினாலும் இன்னொன்று இழுக்கும். ஜீப் குன்றில் ஜம்மென்று ஏறும். பார்ப்பவர்கள் கைதட்டுவார்கள். ஆனால், பின்பக்கத்து 700 கிலோவும் அப்போது அந்த ஒற்றைச் சக்கரத்தின் மேல். இழுவை முழுவதும் அந்த ஒற்றை ராடில். 29 அங்குல டயரிலேயே 130 என்பது 259 ஆகிவிடும். 33 அங்குல டயரும் சேர்ந்தால் 294!

கவனித்தீர்களா? டயரால் மட்டும் கூடியது ஏழில் ஒரு பங்கு. லாக்கரால் கூடியது இரண்டு மடங்கு. ஆகவே ஆக்சிலை மாற்றலாமா என்ற கேள்விக்கு முன்னால், 'லாக்கர் இருக்கா?' என்று ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். யாரும் கேட்பதில்லை. எல்லோரும் டயரைத்தான் பார்க்கிறார்கள். அதுதானே வெளியில் தெரிகிறது!

இதற்கு அமெரிக்காவிலிருந்தே ஒரு சாட்சி. 1997 முதல் 2006 வரை வந்த ராங்ளர் ஜீப்பில் பின்னால் சாதாரணமாக டேனா 35 இருக்கும். கூடுதல் காசு கொடுத்தால் பல மாடல்களில் 44 கிடைக்கும். இந்த 35 போதுமா, போதாதா என்று அந்த ஊர் ஜீப்காரர்கள் பல வருடம் பட்டிமன்றம் நடத்தினார்கள். 2003 மாடலில் ரூபிகான் வந்தது. கம்பெனியே இரண்டு ஆக்சிலிலும் லாக்கர் போட்டுத் தந்தது. அதோடு முன்னும் பின்னும் டேனா 44. டயர் என்னவோ 30 அங்குலச் சொச்சம்தான்! டயர் பெரிதாக இல்லாதபோதும், லாக்கர் என்று வந்தவுடன் ஆக்சிலும் பெரிதாகிவிட்டது. இதைப் படித்த அன்று எனக்குப் பாதி முடிவு கிடைத்துவிட்டது.

இன்னொரு வில்லன், நம் வலது கால். அந்தரத்தில் அதிவேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கிற சக்கரம் திடீரென்று பாறையைப் பிடித்தால், சுற்றிக்கொண்டிருந்த டயர், கிரவுன், பிளைவீல் எல்லாவற்றின் வேகமும் ஒரு நொடிக்குள் ராடின் தலையில் இறங்கும். மேலே போட்ட கணக்கெல்லாம் நிதானமாக ஏறுகிறவனுக்கு. இந்த அடிக்குக் கணக்கே கிடையாது. பெரிய டயர் எடையும் கூடுதல், அடியும் கூடுதல். முன் ஆக்சிலில் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை மிதித்தால், ராடின் நடுவில் இருக்கிற கிராஸ் ஜாயின்ட் முதலில் பிராணனை விடும்.

பட்டறையில் பாடம்

கணக்கு நோட்டோடு சிங்காநல்லூர் பக்கம் ஒரு பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் அண்ணனுக்கு அறுபது வயது இருக்கும். நோட்டை வாங்கி, கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பார்த்துவிட்டு, மரியாதையாகத் திருப்பித் தந்தார்.

"கணக்கெல்லாம் சரிங்க. உங்க வீட்டுல பியூஸ் போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

"கம்பி மாத்துவேன்."

"அடிக்கடி போகுதேன்னு தடிக் கம்பியா வெச்சுக் கட்டிட்டா?"

"பியூஸ் போகாது."

"போகாதுங்க. டி.வி. போயிரும்."

டீ சொன்னார். பிறகு ஜீப்புக்கு அடியில் என்னையும் இழுத்துக்கொண்டு போய், ராடிலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினார். ராடுக்குப் பிறகு கிரவுன்-பினியன். அதற்குப் பிறகு ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ். அதற்குப் பிறகு டிரான்ஸ்ஃபர் கேஸ். கடைசியில் கியர் பாக்ஸ்.

"ராடு போச்சுன்னா ஒரு மணி நேர வேலைங்க. காட்டுக்குள்ளயே மாத்திட்டு வந்துரலாம். ராடைத் தடியாக்கிட்டா அடுத்தாப்ல கிரவுன் போகும். அதையும் பெருசாக்குனா கிராஸ் போகும், இல்லாட்டி கியர் பாக்ஸே போகும். எங்கயாச்சும் ஒரு இடத்துல போயித்தான் ஆகணும். உடையறதுக்கு ஒண்ணு வேணுமுங்க... அது சல்லிசா இருக்கோணும், கைக்கு எட்டற எடத்துல இருக்கோணும்."

எம்.பி.ஏ. படித்தவர்கள் இதையே நாற்பது பக்கத்தில் எழுதுவார்கள்!

"அப்ப ஆக்சிலை மாத்தவே கூடாதா அண்ணே?"

"யாரு சொன்னா? ஒரு விஷயத்துக்கு மாத்தோணும்" என்று, தெருவில் நின்ற டவுன் பஸ்ஸைக் காட்டினார்.

சக்கரம் கழன்று ஓடினால்?

அடுத்த முறை பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது பஸ்ஸின் பின்சக்கரத்தைக் கவனியுங்கள். நடுவில் ஒரு மூடி துருத்திக்கொண்டு, சுற்றிலும் போல்ட் போட்டிருக்கும். அந்த மூடிதான் ராடின் தலை. பஸ்ஸின் எடையை ராடு தாங்குவதில்லை. குழாயின் நுனியில் பேரிங் வைத்து, அதன் மேல் ஹப்பை உட்கார வைத்திருக்கிறார்கள். ராடு வெறுமனே சுற்றிவிடுவதோடு சரி. அது உடைந்தாலும் சக்கரம் தன் இடத்திலேயே இருக்கும். இதற்கு ஃபுல் ஃப்ளோட்டிங் என்று பெயர்.

சின்ன வண்டிகளில் பெரும்பாலும் பின்னால் இருப்பது செமி ஃப்ளோட்டிங். அதில் ராடே சுற்றவும் வேண்டும், வண்டியின் எடையைத் தாங்கவும் வேண்டும். மாமியார் வீட்டு மருமகன் மாதிரி இரட்டை உத்தியோகம்! இதிலும் சில ஆக்சில்களில் - அந்த டேனா 35-ல் பல - ராடை உள்ளே பிடித்து வைத்திருப்பது சி வடிவில் ஒரு சின்ன கிளிப். ராடு உடைந்தால், வெளிப்பக்கத்துத் துண்டைப் பிடித்து வைக்க ஒன்றும் இல்லை. சக்கரம் ராடோடு சேர்ந்து வெளியே வந்துவிடலாம். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் பாறை மேல் இது தமாஷ். மலைச்சாலையில் இறங்கும்போது, பின் சீட்டில் குழந்தைகள் இருக்கும்போது தமாஷ் இல்லை.

ஆகவே, 'பலம் போதவில்லை' என்பதைவிட, 'உடைந்தால் சக்கரம் நிற்குமா?' என்பது ஆக்சில் மாற்ற நல்ல காரணம். என் ஜீப்பில் சி கிளிப் கிடையாது. ராடை வெளிப்பக்கம் பேரிங்தான் பிடித்து வைத்திருக்கிறது. அந்த பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது, புது ஆக்சில் வாங்குவதைவிட அவசரம். பார்த்தோம். ஆட்டம் இருந்தது. மாற்றினோம்.

பில்லில் வராத செலவுகள்

பெரிய டயருக்கு ஆசைப்படுகிறவர்கள் எஸ்டிமேட்டில் வராத சில செலவுகளையும் தெரிந்துகொள்வது நல்லது.

29 போய் 33 வந்தால் ஜீப்பின் பூசணிக்காய் 4 அங்குலம் உயரும் என்று நினைப்பீர்கள். உயர்வது 2 அங்குலம். மீதி 2 அங்குலம் டயரின் மேல் பக்கத்தில் போய் மட்கார்டை இடிக்கும்!

டயர் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் ஓடுவதால் கியர் பலவீனமாகிவிடும். 5.38 இருந்த இடத்தில் 4.73 இருப்பது போல. ஏற்றத்தில் எஞ்சின் முக்கும். பழைய பலம் வேண்டுமென்றால் கிரவுன்-பினியனையும் மாற்ற வேண்டும். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது உண்மையில் 68-ல் போய்க்கொண்டிருப்பீர்கள். போலீஸ்காரரின் கருவி உண்மையைத்தான் காட்டும்.

பிரேக்கும் அப்படியே. டயர் பெரிதாகப் பெரிதாக அதே பிரேக் குறைவாகத்தான் பிடிக்கும்.

அப்புறம் சட்டம். 1988-ன் மோட்டார் வாகனச் சட்டம், 52-வது பிரிவு. தயாரித்த கம்பெனி குறிப்பிட்ட விவரங்களுக்கும் ஆர்.சி. புத்தகத்துக்கும் மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. அதே வருடம் வந்த திருத்தத்தில், அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று இருக்கிறது. எதை மாற்றுவதானாலும் முதலில் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸ்காரரிடமும் சொல்லுங்கள். விபத்து நடந்த பிறகு சொன்னால் அவர் காது கேட்காது.

புது வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 2020-ல் வந்த தாருக்கு முன்பக்கம் முழு ஆக்சிலே கிடையாது. சக்கரத்துக்குச் சக்கரம் தனி சஸ்பென்ஷன். அதில் 'ஆக்சில் மாத்தறேன்' என்றால் வண்டியின் முன்பாதியையே மாற்றுகிறீர்கள் என்று அர்த்தம். 2021-ல் வந்த குர்க்காவில் முன்னும் பின்னும் கம்பெனி லாக் உண்டு. 2023-ல் வந்த ஜிம்னியில் இரண்டு பக்கமும் முழு ஆக்சில்; ஆனால் பூட்டு கிடையாது, வழுக்கும் சக்கரத்தை பிரேக்கால் பிடித்துச் சமாளிக்கிறது. எந்த வண்டியானாலும் கம்பெனிக்காரர்கள் ஆக்சில், டயர், பூட்டு மூன்றையும் சேர்த்து ஒரே கணக்காகத்தான் போட்டிருப்பார்கள். ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டும் 'எங்களைக் கேட்டியா?' என்று கேட்கும்.

கொழுக்குமலை டிரைவர்

கணக்கு, பட்டறை, சட்டம் எல்லாம் பார்த்தாயிற்று. இருந்தாலும் கம்பெனி ஆக்சிலை வைத்துக்கொண்டு தினமும் மோசமான பாதையில் பிழைப்பு நடத்துகிறவரைக் கேட்காமல் முடிவு எடுக்க மனம் வரவில்லை. கொழுக்குமலைக்குப் போனேன். தேனி மாவட்டத்தில் சுமார் 7,900 அடி உயரத்தில் இருக்கிற தேயிலைத் தோட்டம். ஆனால் ஜீப் ஏறுவது கேரளாவின் சூரியநெல்லியிலிருந்து. பாதை என்று மரியாதைக்குச் சொல்கிறார்கள். உருண்டைக் கற்களைக் கொட்டி, 'போய்ப் பாருங்க' என்று விட்டது போல இருக்கும். விடியற்காலை இருட்டில் ஜீப் பின்னால் ஜீப்பாக ஏறுகிறது. சூரிய உதயம் பார்க்க வருகிறவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிடுகிறார்கள்.

என்னை ஏற்றிச் சென்ற டிரைவர் தம்பிக்கு முப்பது வயதுகூட இருக்காது. சாதாரண டயர். லாக்கர் இல்லை. ஆக்சிலைப் பற்றிக் கேட்டேன்.

"கம்பெனி ஆக்சில்தான் சார். ஏன் கேக்கறீங்க?"

"இந்தப் பாதையில உடையாதா?"

"சக்கரம் சுத்த ஆரம்பிச்சா காலை எடுத்துருவோம் சார். ரெண்டடி பின்னால வந்து வேற பக்கமாப் போவோம். உடைச்சா அன்னைக்கு வாடகை போச்சே!"

வழியெல்லாம் அவன் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். முதல் கியர், லோ ரேஞ்ச். எஞ்சின் கிட்டத்தட்ட தூங்கிக்கொண்டே ஏறியது. ஒரு சக்கரம் தூக்கினால், அது சுற்ற ஆரம்பிப்பதற்குள் கால் வந்துவிடும். பாறையில் சக்கரத்தை இடிக்க விடவே இல்லை. ஒவ்வொன்றாகத் தொட்டு வைத்தான், படியில் இறங்குகிற கிழவியைக் கைபிடித்து இறக்குவது போல. அந்த ராடுக்கு நான் போட்ட 130-கூட வந்திருக்காது.

நான்கு கேள்வி, ஒரு தீர்ப்பு

ஊருக்குத் திரும்பி, நோட்டில் நான்கு கேள்விகள் எழுதினேன். நீங்களும் கேட்டுப் பார்க்கலாம்.

ஒன்று: லாக்கர் இருக்கிறதா, போடுவதாக உறுதியாக இருக்கிறதா? எனக்கு இல்லை.

இரண்டு: டயர் கம்பெனி அளவிலிருந்து எவ்வளவு தூரம் போயிருக்கிறது? ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் பெரிய விஷயம் இல்லை. நான்கு, ஐந்து அங்குலம் என்றால், அதோடு லாக்கரும் சேர்ந்தால், ஆக்சில் கணக்கில் வந்தே தீரும். என்னுடையது கம்பெனி அளவு.

மூன்று: உடைந்தால் சக்கரம் நிற்குமா, ஓடுமா? நிற்கும்.

நான்கு: இதுவரை எது உடைந்திருக்கிறது? எதுவும் இல்லை. உடையாத ஒன்றை மாற்றுவதற்கு முன், ஏன் உடையவில்லை என்றும் யோசிக்க வேண்டும்.

நான்கில் மூன்று 'ஆமாம், மாத்தணும்' என்ற பக்கம் விழுந்தால் தாராளமாக மாற்றுங்கள். 33 அங்குல டயரோடு லாக்கரும் போட்டு, பாறையில் பந்தயம் விடுகிற என் நண்பர்கள் ஆக்சில் மாற்றியது சரிதான். நூற்றுக்கு நூறு சரி. அவர்கள் கணக்கு 294. என் கணக்கு 130. அவர்கள் மருந்துச் சீட்டைக் காட்டி நான் மாத்திரை வாங்க முடியாது.

நடுவில் ஒரு வழியும் உண்டு. அதே குழாய், அதே பூசணிக்காய். ராடை மட்டும் குரோமியம், மாலிப்டினம் கலந்த உயர்ரக எஃகில் போட்டுக்கொள்வது. லாக்கர் மட்டும் போட்டு, டயரைப் பெரிதாக்காதவர்களுக்கு இது உத்தமம். அப்போதும் மெக்கானிக் அண்ணனின் பியூஸை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

என் தீர்ப்பு: கம்பெனி ஆக்சிலே இருக்கட்டும். பேரிங், ஆயில் சீல், கிரவுன் ஆயில், கிராஸ் நான்கு, பிரேக் ஷூ. கூடவே ஸ்பேராகப் பழைய ராடு இரண்டு. (என் ஜீப்பில் பூசணிக்காய் நட்ட நடுவில் இல்லை, ஒரு பக்கமாகத் தள்ளி இருக்கிறது. ஆகவே இடது ராடும் வலது ராடும் ஒரே நீளம் இல்லை. இரண்டும் வாங்கித்தான் ஆக வேண்டும்.) மொத்தம் 22,000 ரூபாய்க்குள் முடிந்தது. பி.எஃப். லோன் போடவில்லை. போனஸ், பள்ளிக்கும் மாடிக்கும் போயிற்று.

ராடுகளை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று மனைவி விசாரணைக் கமிஷன் அமைத்தாள்.

"என்னங்க இது, ரெண்டு கம்பி?"

"ஸ்பேர். உள்ள இருக்கறது உடைஞ்சா மாத்த."

"அப்ப உடையுமா?"

"உடையறதா இருந்தா இதுதான் உடையணும்."

"சரிதான்! உடையாம இருக்க ஒண்ணே முக்கால் லட்சம் கேட்ட மனுஷன், இப்ப உடையறதுக்குன்னே காசு குடுத்து வாங்கிட்டு வந்திருக்கீங்க!"

ராடுகள் இரண்டும் ஒரு வாரம் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. அப்புறம் காணவில்லை. தேடிக்கொண்டு மாடிக்குப் போனால், புதிதாகப் பூசிய தளத்தில் வேட்டியை விரித்து வடகம் காயப் போட்டிருந்தது. காற்றில் துணி பறக்காமல் இருக்க இடது பக்கம் ஒரு ராடு, வலது பக்கம் ஒரு ராடு, கிரீஸ் துடைத்துச் சுத்தமாக!